ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரையும் முதல் இடமும்

அன்பு மகளுக்கு,

இறைவன் அருளால் இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை, காலையில் போனில் உன் குரலே சொல்லிவிட்டது. சர்ஜரி கிடைச்சிடுச்சும்மா, அதுவும் நான் முதல்ல போட்ட ஆஸ்பத்திரியே என்று நீ கத்தியது, சவரம் செய்துகொண்டிருந்த உன் அப்பா காதுவரை எட்டிவிட்டது. பாதி முகத்தில் சோப்போடு வாசலுக்கு ஓடி, எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் என் பொண்ணுக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் பதறிப்போய் ரத்தம் வேணுமாண்ணே, நான் தர்றேன் என்று சட்டையைத் தேடினார். அப்புறம் நான் போய், அவளுக்கு ஆபரேஷன் இல்லை, ஆபரேஷன் செய்யும் டாக்டராகப் பயிற்சி எடுக்க இடம் கிடைத்திருக்கிறது என்று விளக்கினேன், தெருவே சிரித்தது.

போன வருடம் பெரிய பெரிய பெயராகப் பார்த்து விண்ணப்பித்துவிட்டு, நேர்காணலுக்கு ஒரு இடத்திலும் கூப்பிடவில்லை என்று நீ போனைக்கூட எடுக்காமல் கிடந்தாயே, அந்த நாட்களில் நான் சாமியிடம் சண்டையே போட்டேன். இந்த முறையும் போய்விட்டால் சர்ஜரி ஆசையை மூட்டை கட்டிவிடுவேன் என்று நீ சொன்னது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதனால்தான் சித்தப்பா, விண்ணப்பத்தில் காட்ட ஒரு கட்டுரை போதாது, தன் நண்பரின் ஆராய்ச்சிக் கட்டுரையில் உன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறேன் என்றபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீதான் வெடுக்கென்று, செய்யாத வேலைக்கு என் பேரா, நேர்காணல்ல கேள்வி கேட்டா சித்தப்பாவா வந்து பதில் சொல்லுவாரு என்றாய். அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று. எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான், வராத பணத்தை வரவில் எழுதினால் கணக்கு என்றைக்காவது இடிக்கத்தானே செய்யும்.

அடுத்து நீ செய்ததுதான் வீட்டை இரண்டாக்கியது. நேர்காணலுக்குக் கூப்பிட்ட ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஏற்கெனவே பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, உங்க கையில கத்தி எப்ப வந்துச்சு என்று கேட்டாய். பெயர் பெற்ற இடத்துப் பையன் ரெண்டு வருஷமா ஆய்வுக்கூடமும் ஃபைலும்தான் அக்கா என்றானாம், சின்ன ஊர் ஆஸ்பத்திரிப் பெண் முதல் வருஷமே குடல்வால் எடுத்தேன் என்றாளாம். எந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் விருப்ப வரிசையில் நீ சின்னதை முதலிலும் பெரியதைக் கடைசியிலும் எழுதினாய். தேடி வந்த சீதேவியைக் கடைசி வரிசையில உட்கார வைக்கிற புத்திசாலியை இப்பத்தான் பார்க்கிறேன் என்று அப்பா குதித்தார். நடுவில் நான் மத்தளம், இரண்டு பக்கமும் அடி.

அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் நேர்காணலில், ஒரே ஒரு கட்டுரைதானா என்று கேட்டதும் நீ மழுப்பாமல், ஆமா சார் ஒண்ணுதான், தையல் பிரிஞ்சு வந்தவங்களைப் பத்தினது, அத்தனை பேருக்கும் கட்டு மாத்தினது நான்தான் என்றாயாமே. மீதி நேரம் முழுக்க அவர் அதைப் பற்றியே கேட்டார் என்று நீ சொன்னபோது பயந்துதான் போனேன். இன்றைக்குப் புரிகிறது, அவர் உன் கையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். மதியம் சித்தப்பா போன் செய்து, நான் அப்பவே சொன்னேனே அண்ணி, அவ தேறிடுவான்னு என்றார். எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை, சந்தோஷத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு.

நீ ஜெயித்துவிட்டாய் கண்ணு. எங்களையும் ஜெயித்துவிட்டாய், அதில் எங்களுக்குத் துளியும் வருத்தமில்லை. நீண்ட நேரம் நிற்கும் வேலை, நல்ல செருப்பு வாங்கு, அதில் சிக்கனம் வேண்டாம். சேர்வதற்கான சம்மதக் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே அனுப்பு. இத்தனை நாள் உனக்காக மட்டும் கும்பிட்டேன். இனி உன் கைக்குக் கீழே மயங்கிப் படுக்கப் போகிறவர்களுக்காகவும் கும்பிட வேண்டும். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, சாமிக்குத் தெரியும். உன் கை நடுங்காமல் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆசிகளுடன்,
சர்ஜனின் அம்மா
(எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.)