எனக்குப் பிறகு எழுது

பாபநாசம்,
17-8-2003.

அன்புள்ள பிரின்ஸிக்கு,

ஜெயபாரதி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். இந்த வருஷம் இங்கிலாந்திலும் வெயில் கொளுத்துகிறதாமே, டி.வி.யில் காட்டினார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மின்னஞ்சலுக்கு இத்தனை நாள் பதில் போடாமல் இருந்துவிட்டேன். பிரவுசிங் சென்டருக்குப் போகாமல் இல்லை. போய் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் கண் என் திரைமேல்தான் இருக்கிறது. நான் எழுத வேண்டியதும் அப்படி நாலு பேர் பார்க்க எழுதுகிற சமாசாரம் இல்லை. அதனால்தான் தபால்.

முதலில் உன் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கால் வீக்கம் வற்றிவிட்டது. போன வாரம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். நர்ஸ் வெளியே வந்து, "சவரியம்மாள் யாருங்க?" என்று கூப்பிட்டால், "பிரின்ஸியோட அம்மா இங்க இருக்கேன்" என்கிறார். பூசைக்குப் போகும்போதுகூட உன் புத்தகம் பையில் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம் அட்டையைக் காட்டி, "மழைய அளக்குறதுக்கு மனுசன் எப்படிக் கத்துக்கிட்டான்னு எம்பொண்ணு எழுதியிருக்கா, வெள்ளக்காரங்க பரிசு குடுத்துருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிலிண்டர்காரர் ரசீதில் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தார், பாவம்.

இங்கே மழையும் இல்லை, ஆறும் இல்லை. ஜூன் போய் ஆகஸ்டும் வந்துவிட்டது, மேட்டூர் திறக்கவில்லை. போன வருஷம் போல இந்த வருஷமும் குறுவை கிடையாது. போர்வெல் போட்டவர்கள் மட்டும் கொஞ்சம் நட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் தினமும் காலையில் வயலுக்குப் போய் வெடிப்பைப் பார்த்துவிட்டு வந்து பேப்பரை விரித்துக்கொள்கிறார். குடமுருட்டியில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரியில் நம் கல்லூரியில் உனக்கு நடந்த பாராட்டு விழாவில் நானும் மேடையில் இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை கமருன்னிஸா அன்று எனக்கு விடுப்புக் கொடுத்ததோடு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தானும் வந்திருந்தார். என்னை "நூலாசிரியரின் தோழி" என்று அறிமுகம் செய்தார்கள். நான் பேசியது உனக்குப் பிடித்திருந்ததாகச் சொன்னாய். நானும் நன்றாகத்தான் பேசினேன். எம்.எஸ்ஸி.யில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இயற்பியல் படித்ததையும், அறிவியல் எப்படி வளர்ந்தது என்பதில் நம் இருவருக்கும் ஒன்றாகப் பைத்தியம் பிடித்ததையும் சொன்னேன். வெளிநாட்டு உதவித்தொகைக்கு இருவரும் விண்ணப்பம் போட்டதைச் சொல்லவில்லை. அது விழாவில் சொல்கிற விஷயமா?

என்னை வீட்டில் தடுத்தார்கள், கல்யாணம் குறுக்கே வந்தது என்று நம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள். யாரும் தடுக்கவில்லை. சென்னையில் நேர்காணல் நடந்தது. அவர்கள் உன்னை எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. அவ்வளவுதான். தியாகம் செய்தேன் என்றாவது இருந்திருந்தால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்று இருந்திருக்கும்.

உன் புத்தகத்தைப் பென்சிலும் கையுமாகத்தான் படித்தேன். தப்புக் கண்டுபிடிக்கத்தான். தாலுகா கச்சேரிகளில் மழைமானி வைத்த அத்தியாயத்தில் ஒரு வருஷம் இடிக்கிறதே என்று சந்தோஷமாக வட்டம் போட்டேன். திரும்பப் பார்த்தால் நான்தான் தப்பாகக் கூட்டியிருந்தேன். அதன்பிறகு பென்சிலைக் கீழே போட்டுவிட்டுப் படித்தேன். வானத்தைப் பார்த்துச் சொல்கிறவன் பேச்சை விட்டுவிட்டு, ஒரு பித்தளைக் குவளைக்குள் விழுந்த தண்ணீரை ஊர் எப்படி நம்ப ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் எழுந்துபோய் முகம் கழுவினேன். மோசமாக எழுதியிருந்தால் உன்னை மனசாரப் பாராட்டியிருப்பேன், பிரின்ஸி. இவ்வளவு நன்றாக நீ எழுதியிருக்க வேண்டாம்.

இப்போது உன் மின்னஞ்சல். அடுத்த புத்தகம் காவிரி என்கிறாய். மதகுகளில் அடிக்கணக்கு எழுதிய கல் நட்டு, ஆற்றுத் தண்ணீரை எப்படி அளந்தார்கள் என்ற வரலாறு. நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய ஆவணங்களின் நகல்களையும் அந்தக் கற்களின் படங்களையும் அனுப்பச் சொல்கிறாய். அடுத்த டிசம்பரில் நீ வரும்போது கூடவே வந்து உதவ முடியுமா, உதவியாளர் என்று பல்கலைக்கழகத்தில் சம்பளமே வாங்கித் தருகிறேன் என்கிறாய். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறாய்.

விழா முடிந்த மறுநாள் சாயங்காலம் குடமுருட்டிப் பாலத்தில் நாம் நின்றோம். நீ இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டாய். நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். அத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர் என்று உடம்பை வைத்துச் சொன்ன ஊர்கள், கல்லில் எழுதிய எண்ணுக்கு எப்படி மாறின, அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பங்காளிச் சண்டையில் எப்படிக் கை ஓங்கியது என்றெல்லாம் சொன்னேன். நீ பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டாய். பாசத்தோடு கேட்கிறாய் என்று நினைத்தேன்.

திருடினாய் என்று சொல்லவில்லை. ஆறு யாருக்கும் சொந்தமில்லை. லண்டனில் இருக்கும் காகிதங்கள் உனக்கு எட்டும், எனக்கு எட்டாது. ஒருவேளை நான் சொல்வதற்கு முன்பே உனக்கும் தோன்றியிருக்கலாம். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நகல்களைக் கட்டிக் கூரியர் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பையன், "உள்ள என்னங்க மேடம்?" என்றான். "பழைய பேப்பர்" என்றேன். என் வாயாலேயே அப்படி வந்துவிட்டது. கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு வீட்டில் யாரிடமும் நல்ல முகம் காட்டவில்லை. எங்கள் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அனுப்புறதுன்னா அனுப்பு. இல்லன்னா நீயே ஒக்காந்து எழுது. ரெண்டும் செய்யாம எங்க மேல எரிஞ்சு விழாத" என்றார். அமிர்தலிங்கத்தை உனக்குத் தெரியுமே, அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசியது எனக்குச் சுருக்கென்றது.

எழுத ஆரம்பித்தேன். தமிழில்தான். முதல் இரண்டு அத்தியாயம் முடிந்ததும் கும்பகோணத்தில் ஒரு பதிப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல மனிதர், காபி வாங்கிக் கொடுத்தார். புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க டீச்சர். ஆனா உங்க சிநேகிதி புத்தகத்தத் தமிழ்ல கொண்டு வந்தா இன்னும் நல்லா போகும். நீங்களே மொழிபெயர்த்துக் குடுங்களேன்" என்றார். நான் காபியைக் குடித்து முடித்துவிட்டு, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

அழுதேனா என்று கேட்காதே. மறுநாள் மூன்றாவது அத்தியாயம் தொடங்கினேன். இப்போது ஐந்தாவதில் இருக்கிறேன். அந்தப் பதிப்பாளர் போடாவிட்டால் வேறொருவர் போடுவார். யாருமே போடாவிட்டாலும் எழுதி முடிப்பேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நடையே மாறியிருக்கிறது என்று கமருன்னிஸா சொல்கிறார்.

ஆகவே நகல்களை அனுப்ப முடியாது. உதவியாளராகவும் வர முடியாது. எனக்கு உன்மேல் பொறாமை, பிரின்ஸி. உன் பரிசு மேல், உன் நூலகச் சீட்டு மேல், ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருக்க உனக்குக் கிடைத்திருக்கும் அந்த மேஜைமேல். இதைச் சொன்னால் நீ என்னை விட்டுவிடுவாயோ என்று பயமாகவும் இருக்கிறது. சொல்லாவிட்டால் நானே விட்டுவிடுவேன் என்று தோன்றியது. அதனால்தான் சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எழுதாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்குப் பிறகு எழுது. நீ முதலில் எழுதினால் என்னுடையதை யாரும் படிக்கமாட்டார்கள். நான் முதலில் எழுதினால் உன்னுடையதற்கு ஒரு குறையும் வராது. என் புத்தகம் வந்ததும் முதல் பிரதி உனக்குத்தான். நீயும் பென்சிலும் கையுமாகப் படி. தப்பு இருந்தால் வட்டம் போடு. அதன்மேல் ஏறி நின்று நீ இன்னும் பெரிதாக எழுது. அப்போது எரிச்சல் வந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

சரி என்று ஒரு வரி போதும். கோபம் வந்தால் கோபத்தோடேயே எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. உன் கை ஓயாமல் எழுதட்டும், உன் பேர் இன்னும் பல ஊர்களில் விளங்கட்டும். வாய் நிறையத்தான் சொல்கிறேன். மனசு நிறைய இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
உன் ஜெயபாரதி.