திறந்து பார்க்காத பேக்கப்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். மணிலாவில் மழை விடவில்லை.

நேற்று ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர் படுத்துவிட்டது. பயப்படாதீர்கள், என் வேலைக்கு ஆபத்தில்லை. தினமும் தவறாமல் எல்லாவற்றையும் நகலெடுத்து பேக்கப் வைத்தவள் நான்தானே என்று தைரியமாகத் திறந்தேன். எல்லாக் கோப்பும் காலி. மேலாளர் ரெமேடியோஸ் அக்கா சிரித்தார்.

"எடுத்து வச்சா போதுமாடி? திரும்பி வருதான்னு ஒரு நாளாவது பாத்தியா?"

அவரிடமிருந்த பழைய நகலால் பிழைத்தோம்.

அதிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. உங்களிடம் விட்டு வந்த என் மகள், குட்டி லிகாயாவுக்குத் தினமும் என் குரலைப் பதிந்து அனுப்புகிறேனே, கேட்கிறாளா? என் படத்தைக் காட்டி, யாரென்று கேளுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவள் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். அறைத்தோழி விளக்கை அணைக்கச் சொல்கிறாள்.

உங்கள் மகள்,
மரிவிக்