வலப்பக்கப் பெட்டி

அடி அண்ணாமலை,
6.7.2025

திரு. சகாதேவன் அவர்களுக்கு,

ஒரு ஸ்பீக்கர் இன்னொன்றைவிட நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? மூன்று நாளாக யோசிக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை.

பரணில் நீங்கள் விட்டுப்போன இரண்டு ஜோடி டிரைவர்களையும் இறக்கிவிட்டேன். ஒன்று கறுப்புக் காகிதக் கூம்பு, மற்றது அலுமினியம். இரண்டும் நான்கு அங்குலம், எட்டு ஓம். பொருட்கள் பட்டியலில் ‘டிரைவர் நான்கு’ என்று எழுதியதைப் பார்த்து, “எதுக்கும்மா நாலு டிரைவர்? வண்டியே ஒண்ணுதானே?” என்று நம் வக்கீல் கேட்டார். ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தும் கூம்பு என்று விளக்க வேண்டியிருந்தது.

ஓசூர் அறையில் ஒரு ஜோடிக்குத்தான் இடம் இருக்கிறது, நல்லதை மட்டும் அனுப்பு என்றீர்கள். இணையத்தில் படித்துப் பார்த்தேன். ஒருவர் அலுமினியம் பளிச்சென்று இருக்கிறது என்கிறார். இன்னொருவர் காகிதத்தில்தான் உயிர் இருக்கிறது என்கிறார். எத்தனை முறை கேட்டார்கள், எதைப் பார்த்தபடி கேட்டார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. புள்ளியியல் பாடம் நடத்துகிறவளால் இதை நம்ப முடியாது. நானே சோதித்துவிட்டு அனுப்புகிறேன்.

ஆகஸ்ட் 25 அன்று கோர்ட்டில் இரண்டாவது முறை கையெழுத்துப் போட்டால் நம் விவாகரத்து முடிந்துவிடும். அதற்குள் உங்கள் சாமான்களை ஒழுங்குபடுத்திவிட வேண்டும்.

இப்படிக்கு,
உண்ணாமலை


ஓசூர்,
12.7.2025

அன்புள்ள உண்ணா,

பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்திய எனக்குத் ‘திரு.’ போட்டவள் நீ ஒருத்திதான். பரவாயில்லை. போனில் பேசுவதைவிடக் கடிதம் நல்லதாகத்தான் இருக்கிறது. போனில் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூன்று முறை ‘என்ன, என்ன’ என்கிறாய். நான் எரிந்து விழுகிறேன், நீ வைத்துவிடுகிறாய்.

சோதிப்பதானால் சரியாகச் செய். நான் செய்துவைத்த இரண்டு பிளைவுட் பெட்டிகளும் ஒரே அளவு. ஒன்றில் காகிதம், ஒன்றில் அலுமினியம் என்று பொருத்து. சிவப்புக் கம்பி சிவப்பு முனைக்கு. முக்கியமான விஷயம், அலுமினியம் இயல்பாகவே கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. எது சத்தம் ஜாஸ்தியோ அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது சொல்லிவிடும். எத்தனை பேர் இதில் ஏமாந்து காசைக் கொட்டியிருக்கிறார்கள் தெரியுமா? நாற்காலியில் போனை வைத்து, சத்தம் அளக்கும் செயலியில் இரண்டுக்கும் டெசிபல் சமமாகும்வரை ஆம்ப்ளிஃபயரைத் திருகு. அதன் பிறகு கேள்.

மழை உண்டா? அறை வெயிலில் பொரிகிறது. ஷிப்டு முடிந்து வந்தால் பேச ஆள் இல்லை. அங்கே மட்டும் என்ன வாழ்ந்தது, சுவரோடு பேசியதுபோலத்தான் இருந்தது. எழுதியதை அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

அன்புடன்,
சகா


அடி அண்ணாமலை,
20.7.2025

சகாதேவன் அவர்களுக்கு,

சுவர் பற்றிய வரியைப் படித்தேன். சோதனையை எழுதுகிறேன்.

டெசிபலைச் சமமாக்கினேன். கீழ்வீட்டுச் சந்திரம்மாளை உதவிக்கு அழைத்தேன். பௌர்ணமி முடிந்துவிட்டதால் கிரிவலக்காரர்களுக்குச் சுக்குக் காபி போடும் வேலை அவருக்கு இல்லை. இரண்டு பெட்டியையும் துணியால் மூடி, டிவி அலமாரியின் இரு பக்கமும் தன் இஷ்டப்படி வைத்தார். எதில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நாகஸ்வரம், செய்தி வாசிப்பு, மழைச் சத்தம் என்று இருபது துண்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியில் கேட்டு, அடுத்ததில் கேட்டு, எது தெளிவு என்று குறித்தேன்.

“எதுக்கு டீச்சரம்மா இந்தப் பாடு? காசைச் சுண்டிப் பாத்து ஒண்ண அனுப்பிட்டுப் போங்களேன்” என்றார் சந்திரம்மாள்.

வலப்பக்கப் பெட்டிக்குப் பதினெட்டு, இடப்பக்கத்துக்கு இரண்டு. இது தற்செயலாக வரும் எண் அல்ல. இடப்பக்கத்தில் நாகஸ்வரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசித்ததுபோல் இருந்தது. துணியை எடுத்துப் பார்த்தால் வலப்பக்கம் இருந்தது அலுமினியம்.

ஆக, இணையத்துக்காரர்களில் ஒருவராவது உண்மை சொல்லியிருக்கிறார். நாளை கூரியரில் போடட்டுமா?

உண்ணாமலை


ஓசூர்,
26.7.2025

அன்புள்ள உண்ணா,

போடாதே! பெட்டிகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தாயா? கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன், அந்த வரியைக் காணவில்லை. சாம்பாரில் உப்புக் கம்மி என்று நான் சொன்னால், “எத்தனை பேர் சொன்னாங்க?” என்று கேட்டவளா இப்படி? என் தவறுகளுக்கு நோட்டுப் போட்டுத் திருத்தியவளிடம் ஒரு தவறு கண்டுபிடித்த சந்தோஷத்தில் இன்று இரண்டு டீ குடித்தேன்.

கேலி போகட்டும். வலப்பக்கம் சுவர் மூலை இருக்கிறது, இடப்பக்கம் ஜன்னல். மூலையில் வைத்தால் எந்த ஸ்பீக்கரும் கனமாகப் பேசும். நீ அளந்தது டிரைவரை இல்லை, நம் கூடத்தை என்று நினைக்கிறேன். மாற்றி வைத்து மறுபடி கேள். எனக்கும் இப்போது ஆவல் வந்துவிட்டது.

சகா


அடி அண்ணாமலை,
10.8.2025

சகாதேவனுக்கு,

நீங்கள் சொன்னது சரி. முதலாம் ஆண்டு மாணவி செய்தாலும் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

பெட்டிகளை இடம் மாற்றினேன். மறுபடியும் வலப்பக்கமே, பதினேழுக்கு மூன்று. இந்த முறை அங்கே இருந்தது காகிதம். அலுமினியம் இடப்பக்கம் போனதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டது. எனவே டிரைவர் காரணம் இல்லை.

கூடம்தான் காரணமா என்று பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இப்போது ஜன்னலோரப் பெட்டி என் வலக்கைப் பக்கம் வந்தது, மூலைப் பெட்டி இடக்கைப் பக்கம். ஜன்னலோரப் பெட்டிக்குப் பதினெட்டு. எனவே மூலையும் காரணம் இல்லை.

நாற்காலியில் சந்திரம்மாளை உட்கார வைத்தேன். “ரெண்டும் ஒண்ணாத்தான் கீது டீச்சரம்மா. நீங்க ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க? தண்ணி குடிங்க” என்றார். போனில் டெசிபலும் இரண்டு பக்கமும் சமம்தான்.

முடிவு எதுவும் எழுதவில்லை. கூரியர் இப்போதைக்கு வேண்டாம்.

உண்ணாமலை


ஓசூர்,
16.8.2025

உண்ணா,

நீ முடிவு எழுதாமல் விட்டதை நான் தாளில் நான்கு படம் போட்டுப் பார்த்தேன். டிரைவரை மாற்றினாய், பெட்டியை மாற்றினாய், நாற்காலியைக்கூடத் திருப்பினாய். மாறாமல் இருந்தது அதில் உட்கார்ந்திருந்தவள் மட்டும்தான். உனக்கும் இது தெரிந்திருக்கும். தயவுசெய்து காது டாக்டரைப் பார். இதைத் தள்ளிப் போடாதே.

ஐந்தாவதாக இன்னொரு படமும் போட்டேன். நம் சாப்பாட்டு மேசை. நீ அடுப்படியைப் பார்த்து உட்காருவாய், நான் சுவரோரம், உன் இடக்கைப் பக்கம். கட்டிலிலும் அப்படித்தான். போனையும் நீ இடக்கையில்தான் பிடிப்பாய், வலக்கையில் பேனா இருக்கும்.

‘பேசினா பதில் சொல்ல மாட்டா சார், நான் ஒருத்தன் கெடக்கறதே அவளுக்குத் தெரியாது’ என்று வக்கீலிடம் சொன்னேன். இரண்டு நாளாக அந்த வாக்கியம்தான் தலைக்குள் ஓடுகிறது.

25ஆம் தேதி கோர்ட்டுக்கு வருவேன்.

சகாதேவன்


அடி அண்ணாமலை,
24.8.2025

அன்புள்ள சகாவுக்கு,

வியாழக்கிழமை போய் வந்தேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலக்காதில் என் வயதுக்கு உரிய கேட்கும் திறன் இருக்கிறது. இடக்காதில் மேல் சுரங்கள் ஏறக்குறைய இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் நான் கவனிக்கவில்லையாம். “எட்டுப் பத்து வருஷம் இருக்கும்மா. வீட்ல யாரும் சொல்லலியா?” என்று கேட்டார் டாக்டர். வீட்டில் சொன்னார்கள், நான்தான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். கருவி வைத்தால் ஓரளவு சரியாகுமாம்.

ஆனால் ஒன்றை எழுதியாக வேண்டும். ஒரு காரணம் கிடைத்ததும் எல்லாவற்றையும் அதன் தலையில் போடுவது மோசமான புள்ளியியல். என்னைக் கேட்காமல் ஓசூர் வேலையை நீங்கள் ஒப்புக்கொண்ட சேதியை என் வலக்காதில் மிகத் தெளிவாகத்தான் கேட்டேன். நீங்கள் எத்தனை வருடம் பேசிப் பார்த்து அலுத்த பிறகு அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதுதான் எனக்குத் தெரியாது. நம் சண்டைகளில் காதால் வந்தவை எத்தனை, நம்மால் வந்தவை எத்தனை? கணக்கிட வழியில்லை. பழைய பத்தொன்பது வருடத்தை நாற்காலியைத் திருப்பிப் போட்டு மறுபடி நடத்த முடியாது.

இப்போது அஞ்சலில் போட்டால் சேராது. நாளை கையில் கொடுக்கிறேன்.

25.8.2025, மாலை

காலையில் கொடுக்கவில்லை. நீங்களும் உடன் இருந்தீர்கள், ஆனாலும் நடந்ததை எழுதி வைப்பது என் பழக்கம்.

பத்தரைக்குக் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சில் என் இடப்பக்கம் முழுக்கக் காலி. வலப்பக்கம் ஒரு பெரியவர். நீங்கள் வந்து அவர் முன்னால் நின்றீர்கள்.

“கொஞ்சம் எடம் மாறி உக்காருங்கய்யா.”

“அந்தாண்ட அவ்ளோ எடம் கீதே, கண்ணு தெரியலியா?”

“இவங்களுக்கு இந்தப் பக்கந்தாங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய் என் இடப்பக்கம் உட்கார்ந்தார். என்ன திட்டினார் என்று எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் சிரித்ததிலிருந்து நல்ல வார்த்தை இல்லை என்று தெரிந்தது.

பதினொன்றரைக்கு நீதிபதி விடுப்பு என்றார்கள். அடுத்த வாய்தா செப்டம்பர் 22.

“அப்போ எந்த ஜோடிய அனுப்பற?” என்று கேட்டீர்கள். ‘என்ன’ என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இன்னும் தெரியாது, வேறு காது வேண்டும் என்றேன்.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தோம். “வாங்கய்யா, ஒண்ணர வருசமா அந்தப் பொட்டிய நான்தான் தொடைக்கறேன்” என்று சந்திரம்மாள் காபி கொண்டுவந்தார். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள், நான் பெட்டிகளைத் துணியால் மூடினேன். இருபது துண்டுகள், பாதியில் பெட்டிகளை இடம் மாற்றினேன்.

காகிதம் பதினொன்று, அலுமினியம் ஒன்பது. இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது.

மாலை நான்கு மணிப் பேருந்துக்குக் கிளம்பினீர்கள். எந்த ஜோடியையும் எடுத்துப் போகவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

உண்ணா