பெயர் வெட்டாத கற்கள்

ஸ்காக்ஸ் பள்ளம், கிழக்குக் கென்டக்கி
2006 ஜூன் 9, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் லீத்தாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் ஆரிகனில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய், பதறாதே, அவள் நன்றாக இருக்கிறாள், போன இலையுதிர் காலத்தில் ஆபரேஷன் செய்து வைத்த புது முட்டியால் இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறாள். இத்தனை வருடமும் உனக்குக் கடிதம் எழுதுவது அவள் வேலை. அடியில் அப்பா அன்பைச் சொல்லச் சொன்னார் என்று ஒரு வரியும் அவளே சேர்த்துவிடுவாள், நான் ஒருமுறைகூட அப்படிச் சொல்லச் சொன்னதில்லை என்பது உனக்கும் தெரிந்திருக்கும். இதை எழுத உட்கார்ந்து இன்றோடு நாலு நாள் ஆகிறது, மூன்று தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று.

முதலில் வீட்டுச் செய்தி. பீன்ஸ் கொடி குச்சி ஏறிவிட்டது. தக்காளி இந்த வருடம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, மேலே மலையில் நிலக்கரிக்காக வைக்கிற வெடியின் தூசி வந்து படிந்து இலையெல்லாம் சாம்பல் பூசினாற்போல இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் மார்ச் மாதத்திலிருந்து ஆரஞ்சு நிறம். அம்மாவின் வெள்ளை விரிப்புகள் ஒன்றுகூட இப்போது வெள்ளை இல்லை. குளிப்பதற்கு மட்டும்தான் அந்தத் தண்ணீர், அதிலும் குளித்து வந்தால் முதுகு முழுக்க அரிப்பு. பயறு வேகவைக்கக்கூடச் சனிக்கிழமை டவுனுக்குப் போய் கேனில் வாங்கி வருகிறேன். தினமும் நாலு மணிக்கு வெடி, சமையலறைச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல், அம்மா அதன் மேல் காலண்டரை மாட்டி வைத்திருக்கிறாள். மே முதல் வாரம் ஒரு மணி நேர மழைக்கே ஓடை பொங்கி வந்து கோழிக்கூண்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. மேலே மரமும் இல்லை மண்ணும் இல்லை, விழுகிற மழையைப் பிடித்து வைக்க அங்கே என்ன இருக்கிறது. நீ சின்ன வயதில் டப்பாவும் கையுமாக நண்டு பிடித்துத் திரிந்த மேல் ஓடை இருநூறு அடிக் கல்லுக்கும் மண்ணுக்கும் கீழே கிடக்கிறது. இதையெல்லாம் கம்பெனி செய்தது என்று எழுதத்தான் எனக்குச் சுலபமாக வருகிறது. ஆனால் இருபத்தாறு வருடம் புல்டோசர் ஓட்டியது கம்பெனி இல்லை, நான். அவர்கள் மலையின் தலையை வெடி வைத்து உடைத்துக் கொடுப்பார்கள், நான் அதை விளிம்பு வரை தள்ளிக் கீழே ஓடைக்குள் விடுவேன், அப்புறம் கரி கறுப்பாகத் தெரியும். அந்த ஓடைக்கு உன் பாட்டன் காலத்திலிருந்து ஒரு பெயர் இருந்தது, நாங்கள் அதைக் கொட்டுகிற இடம் என்று மட்டும்தான் சொல்லுவோம்.

பக்கத்து வீட்டு நெவா அப்படியேதான் இருக்கிறாள். ஜாடியில் ஆரஞ்சுத் தண்ணீரைப் பிடித்து ஆபீஸ் ஆபீசாகக் கொண்டுபோய் மேசையில் வைத்து, "குடிங்க சார், எங்க ஊரு ஜூஸ், ஃப்ரீதான்" என்கிறாளாம். போன வாரம் நான் கேனை இறக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன வெர்லின், நீ தள்ளுன மண்ணு உன் குழாயிலேயே வருதாமே, நல்லா வடிகட்டிக் குடி" என்றாள். முன்பு என்றால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை விட்டிருப்பேன். இப்போது கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன், இதற்கு மேல் தள்ளிப்போட்டால் இந்தத் தாளும் அடுப்புக்குத்தான் போகும். 2001-இல் நம் மலையைத் தோண்ட அனுமதி கேட்டபோது கம்பெனியின் நில அளவைக்காரன் ஒருத்தன் நம் இடுகாட்டைப் பார்க்க வந்தான். கல்லறையிலிருந்து நூறு அடிக்குள் தோண்டக் கூடாது என்பது சட்டம், அதனால் குடும்பத்தில் மூத்தவன் ஒருத்தன் கூட நின்று எத்தனை கல்லறை என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவன் நான், அங்கேயே வேலையும் பார்க்கிறவன், அவர்களுக்கு வேறென்ன வேண்டும். செத்துப் பிறக்கிற குழந்தைக்கு நாம் எப்படிச் செய்வோம் என்பது உனக்குத் தெரியும். தகப்பன் பெட்டி செய்து தூக்கிப் போவான், ஓடையிலிருந்து ஒரு உருண்டைக் கல்லை எடுத்துத் தலைமாட்டில் வைப்பான், பெயர் வெட்டுவதில்லை, அதோடு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால் நாங்கள் ஆண்கள் சட்டென்று உயிரோடு இருப்பதைச் சொல்லிவிடுவோம், பெண்கள்தான் கொஞ்சம் நின்று சொல்வார்கள். நானும் அன்றைக்கு ஆண்கள் எண்ணுகிற மாதிரியே எண்ணினேன், பெயர் வெட்டின கல் பதினேழு. சரிவில் கிடக்கிற சின்னக் கல் வரிசையைக் காட்டி அவனே கேட்டான், "இதெல்லாம் என்னங்க?" என்று. என்னோடு வேலை செய்கிறவர்கள் நாலு பேர் அங்கே நின்றிருந்தார்கள். அந்த வரிசையையும் எண்ணினால் நூறு அடி இன்னும் கீழே இறங்கும், கரி இருக்கிற பக்கம் தோண்ட முடியாமல் நின்றுபோகும். நான், "மலையில கல்லுக்கா பஞ்சம்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அந்த வரிசையில் மேலிருந்து மூன்றாவது கல் 1971 பிப்ரவரியில் நானே வைத்தது. உனக்கு அண்ணனாக வளர்ந்திருக்க வேண்டியவன். பெட்டியை நான்தான் செய்தேன், ஐஸ் மூடிக் கிடந்த பாதையில் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் அவனை வைத்துக்கொண்டு ஏறினேன். அப்படியிருந்தும் என் வாயில் அது வந்தது.

அதற்கு அடுத்த மாதம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நடந்த, அம்மா வராத அந்தக் கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நீ மைக் முன்னால் நின்று ஓடையைப் பற்றிச் சொன்னாய், கிணற்றைப் பற்றிச் சொன்னாய், இப்போது ஒவ்வொன்றாக நடக்கிறதை எல்லாம் அப்போதே சொன்னாய். கடைசியில் அந்தச் சரிவில் குழந்தைகளைப் புதைத்திருக்கிறார்கள், என் அண்ணனும் அங்கேதான் இருக்கிறான் என்றாய். கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. நான் கம்பெனிச் சட்டையோடு முன்வரிசையில் இருந்து எழுந்து, "அங்க ஒருத்தரும் இல்ல, என் பொண்ணு படிச்ச பொண்ணு, புஸ்தகத்துல பாத்ததப் பேசுறா" என்றேன். பின்னாலிருந்து யாரோ, "அண்ணன் இல்லேன்னா ஒரு அண்ணனப் பெத்துக் குடுய்யா வெர்லின்" என்றான், அந்தச் சிரிப்பு அடங்கவே ரொம்ப நேரம் ஆனது. நெவா மட்டும் நாற்காலி மேல் ஏறி நின்று, "உன் நாக்கு அழுகிப்போகும்டா" என்று கத்தினாள். அன்றிலிருந்து நீ போகும் வரைக்கும் கடைத்தெருவில் உன்னைப் பொய்க்காரி என்று கூப்பிட்டார்கள், அந்தப் பெயரை உனக்கு வைத்தது உன் அப்பன். வெளியே வந்து லாரி பக்கத்தில் நின்று நீ என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீங்க வேலை செய்யிற எடம்தானேப்பா, அத மட்டுமாவது பாத்துக்குவீங்களா?" என்றுதான் கேட்டாய். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அடுத்த வருடம் ஏப்ரலில் அந்தச் சரிவைத் தள்ளியது என் வண்டிதான், லீத்தா. இறங்கி ஒரு நிமிடம் தொப்பியைக் கழற்றியிருக்கலாம், பின்னால் லாரிகள் வரிசை கட்டி நின்றன என்று இறங்கவில்லை.

இதற்கப்புறம் செய்ததுதான் இன்னும் கேவலம். கல்லறைகளுக்குப் பூ வைக்கிற ஞாயிற்றுக்கு இப்போதெல்லாம் நம் இடுகாட்டுக்கே நாம் பத்து நாள் முன்னால் கம்பெனிக்குப் போன் செய்து கேட்க வேண்டும், தலைக்கவசம் போட்டுக்கொண்டு கொடி கட்டின வண்டிக்குப் பின்னால் போக வேண்டும். நீ போன பிறகு அம்மாவுக்கு முட்டி விட்டுப்போனதால் ஒவ்வொரு வருடமும் பூவைக் கட்டி என் கையில்தான் கொடுத்தனுப்புவாள். பெரியவர்களுக்குப் பெரிய கொத்து, அவனுக்கு நீலக் காகிதத்தில் அவளே செய்த ஒரு சின்னக் கொத்து. நான் திரும்பி வந்ததும், "அவனுக்கு வச்சீங்களா?" என்று கேட்பாள், வைத்தேன் என்பேன். நாலு வருடத்துக் கொத்தும் என் லாரி சீட்டுக்குப் பின்னால் ஒரு பையில் இருக்கிறது. நீயும் தொலைபேசியில் அவளிடம் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லவே இல்லை என்று தெரிகிறது. நெவாவும் சொல்லவில்லை, அவளிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று இப்போது சொல்கிறாள். ஊரே சேர்ந்து அவளுடைய மனதைக் காப்பாற்றியிருக்கிறீர்கள், அந்த நிழலில் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

இந்த வருடம் புது முட்டியோடு அவளே வருவேன் என்றாள். மழை வரும் என்றேன், பாதை மோசம் என்றேன், எதற்கும் மசியவில்லை. மே 28, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து நேராகப் போனோம். அவள் பதினேழு கல்லையும் தாண்டி நேராகக் கம்பிவேலிக்குப் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் தரையே இல்லை, எண்பது அடிப் பள்ளம், அடியில் லாரித் தடம். கூட வந்த காவலாளியிடம், "இங்கன ஒரு வரிசை சின்னக் கல்லு இருக்குமே தம்பி, எங்க மாத்தி வச்சிருக்கீங்க?" என்று தன்மையாகத்தான் கேட்டாள். அவன் நல்ல மனிதன், ஐம்பது வயது இருக்கும், ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பதினேழுதாம்மா போட்டிருக்கு, குடும்பத்து ஆளே கையெழுத்துப் போட்டிருக்காரு" என்று தாளைத் திருப்பிக் காட்டினான். முப்பத்தேழு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு என் கையெழுத்து தெரியாதா. தலைக்கவசத்துக்குக் கீழே அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. பூவை வேலியில்கூட வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பாதி இறக்கத்தில், "தள்ளுனதும் நீங்கதானா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப நான் குடுத்தனுப்புன பூவெல்லாம்?" என்றாள், நான் சீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினேன். அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டவள் வீடு வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. வேளாவேளைக்குச் சோளரொட்டி தட்டில் வந்துவிடுகிறது, அவள் மட்டும் கூட உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

இப்போது கம்பெனி அடுத்த முகட்டுக்கு அனுமதி கேட்டிருக்கிறது, இருக்கிற பதினேழையும் இடம் மாற்றிவிட்டு அந்த இடத்தையும் எடுக்கப் போகிறார்களாம். வருகிற 22-ஆம் தேதி வியாழக்கிழமை, அதே கூடத்தில் கூட்டம். நான் போய்ப் பேசப் போகிறேன், பெயரைக் கொடுத்துவிட்டேன். நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன், என் மகள் சொன்னது உண்மை, பொய்க்காரன் நான்தான் என்று அதே மைக்கில் சொல்லப் போகிறேன். இதனால் மலை திரும்பி வரப்போவதில்லை, பொய்ச் சத்தியத்துக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்துகொள்ளட்டும், என்னோடு வேலை செய்தவர்கள் இனி முகத்தில் முழிக்க மாட்டார்கள். நெவாவிடம் போய்ச் சொன்னேன், கேலி செய்வாள் என்று நினைத்தேன், செய்யவில்லை, தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். இரண்டு நாள் வீடு வீடாகப் போய்க் கிழவிகளைக் கேட்டோம். சரிவில் பதினோரு குழந்தை. அதில் ஒன்று நெவாவின் தங்கை. கேட்ட இடத்தில் எல்லாம் கதவைத் திறந்து தேதி முதற்கொண்டு சொன்னார்கள், ஒருத்தியும் யோசித்துச் சொல்லவில்லை.

நேற்று நான் பேசப் போவதை எழுதி வைத்துக்கொண்டு சமையலறையில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாத்திரம் கழுவிக்கொண்டே முதுகைக் காட்டியபடி கேட்டாள். மூன்றாவதாக, எங்களுக்குச் செத்துப் பிறந்த ஆண் குழந்தை என்று படித்ததும் கை நின்றது. "அவனுக்குப் பேரு இருக்கு" என்றாள். மலையிலிருந்து வந்த பிறகு அவள் என்னிடம் பேசின முதல் வார்த்தை. என்ன பெயர் என்றேன். "நீங்க முப்பத்தஞ்சு வருசத்துல ஒருநா கேட்டதில்ல. லீத்தாகிட்ட சொல்லியிருக்கேன். உங்ககிட்ட சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவள் சொன்னது நியாயம்.

ஆண்டவர் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், அந்த ஊர் மழையில் நனைந்து திரியாதே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் செய், நான் எடுத்துவிட்டால் வைத்துவிடாதே, பேசாமல் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் நினைவு வைத்துக்கொள், கூட்டம் 22-ஆம் தேதி, உன் கடிதம் இங்கே வந்து சேர ஐந்து நாள் ஆகும். மனம் வந்தால் அதற்குள் ஒரு தபால் அட்டையில், வேறொன்றும் எழுத வேண்டாம், என் மகனின் பெயரை மட்டும் எழுதிப் போடு.

உன் அப்பா,
வெர்லின் ஸ்காக்ஸ்