தம்பியின் பங்கு

மச்சான்,

கராஜில் ஃப்ரீசரைத் திறந்தால் அந்தப் பழைய இறைச்சிக் குளிர்வாடை இப்போதும் மூக்கில் ஏறுகிறது. கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டேன், போகவில்லை. உன் ஃப்ரீசர்தானே, உன்னைப் போலவே சொன்ன சொல் கேளாது. நேற்று உன் தம்பி வந்து அதன் முன்னால் நின்றான். அப்போதிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இருக்கவில்லை. நாம் இருவரும் இங்கே மாஸி என்ற புறநகரில் வாடகை வீட்டில் இருந்த காலம். பக்கத்து வீட்டு மாவோரி மனிதர் துவக்கோடு காட்டுக்கு வேட்டையாடப் புறப்பட்டால் நீயும் தொற்றிக்கொள்வாய். வன்னியில் உடும்பும் முள்ளம்பன்றியும் தின்று வளர்ந்த வாய் உனக்கு. காட்டாடு, காட்டுப்பன்றி, மீனையும் தவளையையும் விழுங்கிக் கொழுத்த விலாங்கு, ஒருமுறை நம் கூரையில் ஓடித் திரிந்த பொசம் என்ற பூனையளவுப் பிராணிகூட. எது வந்தாலும் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளுக்கு வேலைதான்.

குசினியில் பேப்பர் விரித்து, ஊரில் போலப் பங்கு போடுவாய். துவக்குக்காரருக்கு ஒன்று, உனக்கு ஒன்று, வேட்டைக்கே வராத எனக்கும் ஒன்று. பிறகு நல்ல துண்டுகளாகப் பார்த்துத் தம்பிக்கென்று இன்னொன்று. அது பையில் கட்டுண்டு ஃப்ரீசருக்குள் போகும்.

“அவன் வந்து, ‘எனக்கு வைக்கேல்லையோ’ எண்டு கேப்பான். சின்னனிலயே பங்குக்கு அடிபடுற ஆள்,” என்பாய்.

அந்த வெயில் சனிக்கிழமை ஃப்ரீசர் நின்றுபோனது. நீ பைகளையெல்லாம் ஐஸ் பெட்டியில் அடைத்து, என்னைக் காருக்குள் தள்ளினாய். த்ரீ கிங்ஸ் பகுதியில் தெரிந்த வீட்டுக்குப் போனால், அவர்களுடைய ஃப்ரீசரில் ஏற்கெனவே முழு ஆடு கிடந்தது. அடுத்த வீட்டில் ஆளில்லை. சிவப்பு விளக்குகளில் நீ ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தாய். பின்சீட்டில் தண்ணீர் சலசலத்தது.

“சமைச்சுச் சாப்பிடுவம், மச்சான்,” என்று சொல்லிப் பார்த்தேன்.

“அவன்ர பங்கை நாங்கள் திண்டா, அவன் இல்லையெண்டு அர்த்தம்.”

நான் பின்பக்கம் எட்டிப் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் நகரின் மறுகோடியில் இருந்த பக்குரங்கா. முட்டைகூடப் படியேறாத சைவக்கார அக்கா வீடு. எனக்குக் கூச்சத்தில் உயிர் போனது. நீ பெட்டியோடு வாசலில் நின்றாய்.

“என்ன தம்பி இது?”

“பன்றி, விலாங்கு, பொசம். காணாமப் போன என்ர தம்பியின்ர பங்கு, அக்கா.”

அக்கா உன் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்த் தன் ஃப்ரீசரில் இருந்த தேங்காய்ப்பூப் பைகளை வெளியே எடுத்துப் போட்டார். “நான் தொடமாட்டன். நீரே வையும்,” என்றார். ஃப்ரீசர் திருத்தி வரும்வரை உன் பன்றி அந்த வீட்டுச் சாமியறைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அவன் சிறையில் இருக்கிறான் என்ற செய்தி வந்தபோது நீ இல்லை. உன் நெஞ்சு அவ்வளவு நாள் பொறுக்கவில்லை. செத்தவீட்டுக்குப் பிறகு ஃப்ரீசரை நான் எடுத்துக்கொண்டேன். பைகளை எறிய மனம் வரவில்லை, மச்சான்.

விடுதலையாகி இங்கே வந்தவனுக்கு நேற்று அவற்றைக் காட்டினேன். “மச்சம் சாப்பிடுறதை விட்டுட்டன், அண்ணை. உள்ளுக்க இருந்து வந்தாப் பிறகு ஏலாது,” என்றான் உன் தம்பி. ஆனால் அவன் போகவில்லை. பன்றிப் பையைத் தூக்கி, “இது எப்பிடி இருந்தது?” என்று கேட்டான். சொன்னேன். காட்டாட்டைக் கேட்டான். சொன்னேன். பொசத்தைத் தூக்கினான்.

“எங்கட அண்ணைக்கு இது பிடிச்சதோ?”

“ஒரு வாய் வைச்சிட்டுத் துப்பினவன். ஆனா உனக்கெண்டு தொடைத் துண்டைத் தேடி எடுத்து வைச்சவன்.”

சிரித்தான். உன் சிரிப்பு. பிறகு அந்தப் பையை நெஞ்சோடு அணைத்தபடி கராஜ் நிலத்தில் குந்தியிருந்து அழுதான்.

உனக்கு ருசித்ததும் ருசிக்காததும் இப்போது என் நாக்கில்தான் இருக்கின்றன. நாளைக்கும் வருவான். விலாங்கைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.