வீடு மாறிப் போன உளவுக்காரி

தங்கச்சிக்கு,

இடைவேளையில் பக்கத்து சீட்டுக்காரி முறுக்குப் பொட்டலம் பிரித்தாள். எள்ளு வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பேத்திதான் திருப்பாதிரிப்புலியூருக்குப் படம் பார்க்க இழுத்துப் போயிருந்தாள். பொம்பளை உளவாளி ஒருத்தி கீரைக்காரி வேஷத்தில் வீடு மாறி நுழைந்து, தப்பான ஆளைப் பற்றித் தகவல் கொடுக்கிறாள். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த நிமிஷம் அழுகை வந்துவிட்டது.

"ஆயா, இது காமெடிப் படம்! ஏன் அழுவுற?" என்றாள் பேத்தி.

என்னத்தைச் சொல்ல? அவள் அம்மாவுக்கு வரன் வந்தபோது, ரகசியமாய் விசாரித்து வர உன்னைத்தானே அனுப்பினேன். "பேர் சொல்லிக் கேக்காத, சந்தேகம் வரும். மூணாவது வீடுன்னு மட்டும் கேளு" என்றதும் நான்தான். முறுக்கு விற்கிற சாக்கில் டின்னோடு சிதம்பரம் அண்ணாமலை நகர் போய் அக்கம்பக்கத்தில் கேட்டு வந்தாய். "தங்கமான குடும்பமாம்க்கா!"

கல்யாணமாகி எட்டாம் மாசமே வயிற்றுப் பிள்ளையோடும் முறிந்த கையோடும் என் மகள் திரும்பினாள். அவள் சாமானை எடுக்கப் போனபோதுதான் நீ அந்த வீட்டையே பார்த்தாய். வரிசையை நீ தெருவின் மறுகோடியிலிருந்து எண்ணி, வேறு வீட்டை விசாரித்திருக்கிறாய்.

"என்னை அடிச்சுடுக்கா, பேசாம மட்டும் இருக்காத" என்று வாசலில் கதறினாய். கதவைச் சாத்தினேன். பத்தொன்பது வருஷம். என் மகள்கூட உன்னை மன்னித்துத் திருவந்திபுரம் கோயிலுக்கு உன்னோடு வந்தாள். நான் உன்னைக் கண்டால் தெரு மாறினேன். போன ஆடியில் உன்னைப் பாடையில் தூக்கும்போதுதான் முகம் பார்த்தேன்.

படம் நல்லாத்தான் இருக்கு. அவ ஓடுற ஓட்டம், முழிக்கிற முழி, அப்படியே நீ. ஆனால் அவள் செய்த தப்பை மேலதிகாரி ரெண்டு பாட்டுக்குள் மன்னித்துவிடுகிறான். படம் எடுத்தவனை நாலு கேள்வி கேட்கணும் போல ஆத்திரம் வருது. அவ்வளவு லேசா அது?

யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்றேன். சிதம்பரத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது, அந்தத் தெருவுக்குப் பால் ஊத்துற அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பையன் கை நீட்டுவான், யோசிச்சுக்கம்மா" என்றாள். ஊரெல்லாம் சொல்லியாச்சே, மானம் போயிடுமேன்னு முழுங்கிட்டேன். உனக்கு வந்தது தப்புத் தகவல். எனக்குச் சரியான தகவலே வந்தது. பழியை மட்டும் உன் தலையில் கட்டினேன்.

மகள் இப்போது அடுப்படியில்தான் இருக்கிறாள். "சித்தி பாவம்மா, கடைசி வரைக்கும் உன்னையேதான் கேட்டுச்சு" என்கிறாள். எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும். காலையிலிருந்து மூன்று தரம் எழுந்தேன். மூன்று தரமும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.