ஒட்டு தெரிய வேண்டும்

தொடுபுழா
12.7.1974

பேச்சியம்மாளுக்குக் குருநாதன் எழுதுவது. இங்கு நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? சின்னமனூரில் மழை உண்டா?

நாங்கள் பழுது பார்ப்பது அரசாங்கம் பாதுகாக்கும் பழைய மரவீடு. தூண், உத்தரம், கைமரம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கின்றன. ஓர் இரும்பாணி கிடையாது. ஒரு தூணின் அடி உளுத்திருந்தது. அதை மட்டும் அறுத்தெடுத்து, புதுத் தேக்கைப் பொருத்தி, ஒட்டே தெரியாமல் சாயம் பூசினேன். நம் ஊரில் அதுதானே கைநேர்த்தி? மதுரைக்கார அதிகாரி சாயத்தைச் சுரண்டச் சொல்லிவிட்டார்.

"ஒட்டு தெரியணும் ஆசாரி. பின்னால பாக்க வர்றவுகளை நாம ஏமாத்தக் கூடாதுல்ல?" என்றார்.

அதனால் உன்னிடமும் மறைக்கவில்லை. இது என் கையெழுத்தில்லை என்று கண்டிருப்பாய். நான் சொல்லச் சொல்ல, உடன் வேலை செய்யும் அழகர் எழுதுகிறார். போன மாதம் உத்தரம் ஏற்றும்போது கயிறு நழுவி, என் வலது கை அதன் அடியில் மாட்டிக்கொண்டது. புண் ஆறிவிட்டது, பயப்படாதே. சின்ன வேலைகள் பார்க்கிறேன்.

அழகருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஏலத்தோட்டத்துக்கு வரும் உன் அண்ணனிடம், பரணில் கிடக்கும் மெல்லிய பிடி உளியைக் கொடுத்தனுப்பு. மூன்று விரலுக்கு அதுதான் அடங்கும்.

குருநாதன்